சிக்மா 18-50, டாம்ரான் 17-70: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகன் போன் செய்து, "மாமா, கேமரா லென்ஸ் வாங்கணும், சிக்மாவா, டாம்ரானா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றான். ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கேட்டு வைத்தால் ஒரு மணி நேரம் பேசுவேன் என்பதும் தெரியும். அவனிடம் இருப்பது சோனி ஏ6400. வாங்கும்போது கூடவே வந்த 16-50 கிட் லென்ஸை வைத்து இரண்டு வருடம் ஓட்டிவிட்டான். ஜனவரியில் குழந்தை பிறக்கப் போகிறது. அதற்குள் நல்ல ஜூம் லென்ஸ் ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பது அவன் கணக்கு.

என் பையில் இருப்பது சிக்மா 18-50 மி.மீ. எஃப் 2.8. கும்பகோணத்தில் விசேஷங்களுக்குப் படம் எடுக்கும் என் மைத்துனரிடம் இருப்பது டாம்ரான் 17-70 மி.மீ. எஃப் 2.8. மி.மீ. எண் சிறியதானால் காட்சி அகலும், பெரியதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். எஃப் என்பது லென்ஸின் துளைக்கான எண்; எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம். ஒருமுறை மூன்று வாரத்துக்கு நாங்கள் இரண்டையும் மாற்றிக்கொண்டோம். அதனால் கடை விளம்பரத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கும்போது உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்குமா என்று முதலில் பாருங்கள். இரண்டடி முன்னே போகலாம், பின்னே வரலாம், உட்காரலாம் என்றால் சிக்மா போதும். மேடையின் ஓரத்தில், கூட்டத்தின் நடுவில், வீடியோக்காரருக்கும் அத்தைமார்களுக்கும் இடையில் நிற்க விட்ட இடத்திலேயே நின்று எடுக்க வேண்டும் என்றால் டாம்ரான். இந்தக் கணக்கைக் குலைக்கிற விஷயம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிட் லென்ஸை ஏன் விட வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அந்த 16-50 லென்ஸின் துளை 50 மி.மீ. வரும்போது எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். நாம் பேசும் இரண்டு லென்ஸ்களும் தொடக்கம் முதல் கடைசி வரை எஃப் 2.8-இலேயே திறந்திருக்கும். 5.6-க்கும் 2.8-க்கும் வித்தியாசம் நான்கு மடங்கு வெளிச்சம். ட்யூப்லைட் எரியும் வீட்டுக் கூடத்தில் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 6400 கேட்கும் இடத்தில் இவை 1600-இல் வேலையை முடிக்கும். முகத்தில் மணல் தூவினாற்போல் வரும் புள்ளிகள் குறைவது இதனால்தான். இந்த விஷயத்தில் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் இடையே துளியும் பேதம் இல்லை. ஆகவே "எதில் அதிக வெளிச்சம்?" என்ற கேள்வியை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

பேதம் எடையில் தொடங்குகிறது. சிக்மா, சோனி மவுன்டில் (லென்ஸ் கேமராவில் மாட்டிக்கொள்ளும் வளையம்), சுமார் 290 கிராம். டாம்ரான் 525 கிராம். ஏ6400 கேமராவே பேட்டரியோடு சேர்ந்து 403 கிராம்தான். அதாவது டாம்ரானை மாட்டினால் கேமராவைவிட லென்ஸ் கனமாகிவிடும். நீளத்தில் சிக்மா 76.5 மி.மீ.; டாம்ரான் 119.3 மி.மீ. படிக்கும்போது இதெல்லாம் வெறும் எண். கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால்தான் புரியும். சிக்மாவோடு கேமரா வயிற்றின் மேல் அடக்கமாகப் படிந்திருக்கும். டாம்ரானோடு மூக்கைக் கீழே தொங்கவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் சட்டைப் பொத்தானில் இடித்துக்கொண்டே வரும். மைத்துனருடைய லென்ஸை வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் பெரிய கோயில் திருச்சுற்றை இரண்டு முறை சுற்றியதில், மூன்றாவது சுற்றுக்கு என் இடது கை தானாகவே லென்ஸுக்குக் கீழே போய்த் தாங்கிக்கொண்டது. ஏ6400-இன் பிடி சிறியது. என் சுண்டுவிரலுக்கு அதில் இடமே கிடையாது. வலது கை மட்டும் வைத்துக்கொண்டு டாம்ரானைத் தூக்கி நிறுத்துவது பெரிய கை உள்ளவர்களுக்கே சிரமம். சோனியின் ஏ6700 போன்ற ஆழமான பிடி உள்ள பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) அது இவ்வளவு உறுத்தாது.

இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிக்மா வாங்கிய பிறகு என் கேமரா வீட்டைவிட்டு வெளியே போகும் நாட்கள் கூடின. காய்கறி வாங்கப் போகும் துணிப்பையில்கூட அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். டாம்ரான் இருந்த மூன்று வாரத்தில் "இன்றைக்குப் படம் எடுக்கப் போகிறோம்" என்று தீர்மானித்த நாளில் மட்டும்தான் கேமரா வெளியே வந்தது.

அடுத்தது அகலக் கோணம். டாம்ரான் 17-இல் தொடங்குகிறது, சிக்மா 18-இல். இந்த ஒரு மில்லிமீட்டருக்காக நடக்கும் வாக்குவாதங்களைப் பார்த்தால் சொத்துத் தகராறு போல இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பத்தடி தூரத்தில் ஒரு சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 மி.மீ. லென்ஸில் அந்தச் சுவரில் ஏறக்குறைய 13.8 அடி அகலம் படத்துக்குள் வரும். 18-இல் 13 அடி. வித்தியாசம் முக்கால் அடி. குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் ஒருவரின் தோள் தப்பிக்கிற அளவு. வெளியிடத்தில் அரை அடி பின்னால் போனால் இது சரியாகிவிடும். முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பத்துக்குப் பத்து அறையில் போக முடியாது. அங்கே மட்டும் டாம்ரானுக்கு ஒரு சின்ன வெற்றி.

பலர் கவனிக்காத விஷயம் வேறு. கிட் லென்ஸ் 16-இல் தொடங்குவது. அதே சுவரில் அதற்கு 14.7 அடி வரும். ஆக, எதை வாங்கினாலும் அகலத்தில் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் இழக்கத்தான் போகிறீர்கள். 96 அடி உயரத் திருவாரூர் ஆழித்தேரைக் கிட்டே நின்று முழுதாக எடுக்க வேண்டும் என்பவருக்கு இந்த இரண்டுமே உதவாது. அதற்கு 10, 11 மி.மீ. என்று வேறு ரகம் இருக்கிறது. இல்லையென்றால் வீதியின் கோடிக்குப் போய் நின்றுகொண்டு தேர் வரும்வரை காத்திருக்க வேண்டும். படமும் அப்படித்தான் அழகாக வரும் என்பது என் கட்சி.

இனி நீளக் கோடி, அதாவது ஜூமை முழுக்கத் திருகிய முனை. வித்தியாசம் உண்மையில் உறைப்பது இங்கேதான். 50-க்கும் 70-க்கும் நடுவே இருப்பது என்ன என்பதை ஒரு காதுகுத்தில் தெரிந்துகொண்டேன்.

சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் குலதெய்வக் கோயில் மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை. எதிரே ஆசாரி. அவருக்குப் பின்னால் அரைவட்டமாகப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மண்டபத் தூண், தூணில் சாய்ந்துகொண்டு நான். நல்ல இடம் பிடித்துவிட்டேன் என்று நினைத்து நின்றது என் தப்பு. ஆசாரி கம்பியை எடுத்ததும் அரைவட்டம் நெருங்கி முழு வட்டமாகிவிட்டது. என்னிடம் 50 மி.மீ. இருந்தது. சட்டகத்தில் குழந்தை முகமும் இருந்தது, அதோடு இரண்டு பெரியம்மாக்களின் பின்கொண்டையும் ஒரு சொம்பும் தாம்பாளத்தின் விளிம்பும் இருந்தன. முன்னால் போக ஓரடிகூட வழியில்லை. எனக்கு இடப்பக்கம் நின்றிருந்த மைத்துனர் 70-க்குத் திருகினார். கம்பி உள்ளே போன அந்த நொடியில் குழந்தையின் வாய் அகலத் திறந்து, அழுகைச் சத்தம் இன்னும் வெளியே வராமல், மாமன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கும் படம் அவருக்குக் கிடைத்தது. குழந்தையைவிட மாமன்தான் அதிகம் பயந்திருந்தார். எனக்குக் கிடைத்த படத்திலும் இதெல்லாம் இருக்கிறது. கொண்டைகளுக்கு நடுவே தேடிப் பார்க்க வேண்டும்.

"வெட்டி எடுத்தால் போயிற்று" என்பார்கள். வெட்டலாம்தான். 50-இல் எடுத்ததை 70 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சல் படத்தில் சுமார் 12 மிஞ்சும். கைபேசியில் பார்க்கவும் ஏ4 அளவில் அச்சிடவும் அது தாராளம். நம்மூர்க் கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 36 அங்குலத்தில் இரண்டு பக்கம் முழுக்க ஒரே படம் விரிப்பார்களே, அதற்குத்தான் போதாது. இன்னொன்றும் உண்டு. பாதிப் பரப்பை வெட்டிப் போட்டால் புள்ளிகளும் பெரிதாகத் தெரியும். ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்தது 6400-இல் எடுத்ததுபோல் தோன்றும். கஷ்டப்பட்டு எஃப் 2.8 வாங்கி மிச்சப்படுத்திய வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கத்தரிக்கோலிடம் கொடுத்துவிடுகிறோம்.

பின்னணி மங்கலாவதிலும் 70-க்குத்தான் கை மேலே. காரணம் எளிது. குவியத் தூரத்தை (அதாவது அந்த மி.மீ. எண்ணை) எஃப் எண்ணால் வகுத்தால் வருவது துளையின் அகலம். 70-ஐ 2.8-ஆல் வகுத்தால் 25 மி.மீ. 50-ஐ வகுத்தால் 18-க்குச் சற்றுக் கீழே. ஒரே அளவில் முகத்தைச் சட்டகத்தில் அடைத்தாலும், அகலத் துளை உள்ளதில் தூரத்து விளக்கு பெரிய வட்டமாகக் கரையும். டாம்ரானில் துளையை உருவாக்கும் தகடுகள் ஒன்பது, சிக்மாவில் ஏழு. எஃப் 4-க்கு மூடினால் சிக்மாவில் அந்த வட்டங்களுக்கு மூலை முளைப்பதை ஊன்றிப் பார்த்தால் காணலாம். ஊன்றிப் பார்ப்பவர்கள் லென்ஸ் வாங்குகிறவர்கள் மட்டுமே. மாப்பிள்ளை வீட்டார் இதுவரை யாரும் தகடுகளை எண்ணியதில்லை. ஆனால் 70-இல் முகத்தின் வாட்டம் இயல்பாக இருக்கும். 35-இல் கிட்டே போய் எடுத்தால் முன்னால் பிதுங்கும் மூக்கு இதில் பிதுங்காது. அதை எல்லாரும் கவனிப்பார்கள். "இவன் எடுத்தால் நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்வார்கள். காரணம் தெரியாது, அவ்வளவுதான்.

இவ்வளவு தூரம் டாம்ரானைப் புகழ்ந்துவிட்டேன். சிக்மா பதிலடி கொடுக்கும் இடம் கிட்டப் பார்வை. 18 மி.மீ.யில் அது 12.1 சென்டிமீட்டரில் குவியம் கொள்ளும். இந்தத் தூரத்தை லென்ஸின் முனையிலிருந்து அளப்பதில்லை, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து அளப்பார்கள். லென்ஸின் நீளத்தையும் மவுன்டுக்குப் பின்னால் இருக்கும் 18 மி.மீ.யையும் கழித்தால், கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்த நெருக்கத்தில் 6.6 சென்டிமீட்டர் அகலம் உள்ள பொருள் சட்டகத்தை நிரப்பிவிடும். அதே காதுகுத்தில் சந்தனக் கிண்ணத்தை இப்படி எடுத்தேன். கிண்ணத்துச் சந்தனத்தில் யாரோ தொட்டெடுத்த மூன்று விரல் தடம் பள்ளத்தாக்குபோல முன்னால் நிற்க, பின்னால் மண்டபம் முழுக்க மங்கலாகத் தெரிகிறது. கிட்டே போய்விட்டு ஊரையும் சேர்த்துக் காட்டும் இந்தப் பார்வை டாம்ரானுக்கு வராது. 17 மி.மீ.யில் அது 19 சென்டிமீட்டர் கேட்கும். சட்டகத்தில் 11 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வந்துவிடும்.

இதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டருக்குப் போனால் லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழும். லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூட் இருந்தால் கேட்கவே வேண்டாம். சந்தனக் கிண்ணத்தை ஜன்னல் பக்கமாக நகர்த்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எடுக்க முடிந்தது. தாலி, ஜிமிக்கி, மெட்டி என்று நகைகளை மட்டும் எடுப்பவருக்கு டாம்ரானின் 70 மி.மீ. கோடியே வசதி. 39 சென்டிமீட்டரிலிருந்து எடுக்கலாம், நிழல் விழாது. பொருள் பெரிதாகத் தெரியும் அளவும் அங்கே சிக்மாவின் 50 மி.மீ. கோடியோடு ஏறத்தாழ சமம்தான்.

முன்னே சொன்ன, கணக்கைக் குலைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி டாம்ரானுக்குள் இருக்கிறது. சிக்மாவில் இல்லை. சோனி பாடிகளில் ஏ6500, ஏ6600, ஏ6700 இவற்றில் சென்சாரே அசைந்து நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். ஏ6000, ஏ6100, ஏ6300, ஏ6400, இசட்வி-இ10 இவற்றில் அது கிடையாது. ஃபியூஜி கேமராக்களிலும் இதே கதைதான். எக்ஸ்-எஸ்10, எக்ஸ்-டி5 இவற்றில் உண்டு, எக்ஸ்-டி30-இல் இல்லை. ஆகவே ஏ6700 வைத்திருப்பவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தங்கை மகன் தாண்ட முடியாது.

போட்டோவுக்கு இது எவ்வளவு தேவை? நினைப்பதைவிடக் குறைவு. கோயில் பிராகாரத்தில் அந்தி நேரத்து விளக்கு வரிசை, ஆள் அசையாத வீதி, இவற்றுக்கு நடுக்கத் தணிப்பு ஒரு வரம். டாம்ரானில் 50 மி.மீ. வாட்டில் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து, மூச்சை அடக்கி எடுத்ததில் பாதிக்கு மேல் கூர்மையாக வந்தன. சிக்மாவில் அப்படி எடுத்தால் பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். ஆனால் மனிதர்களைப் படம் எடுக்கும்போது ஷட்டரை 1/125 நொடியைவிட மெதுவாக வைக்கவே முடியாது. குழந்தைக்கு 1/250. அசைவது நம் கை இல்லை, எதிரே இருப்பவர். அதை எந்த லென்ஸாலும் தணிக்க முடியாது.

வீடியோவில்தான் சங்கடம். கையில் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தால் ஏ6400-ம் சிக்மாவும் சேர்ந்து துடிக்கும். சின்ன லென்ஸ், சின்ன கேமரா, தாங்கி நிறுத்தக் கனமும் இல்லை. மூச்சு விடுவதுகூட படத்தில் தெரியும். இங்கே நிறையப் பேர் ஏமாறுவது எதில் தெரியுமா? இருநூறு கிராமுக்கும் கீழே இருக்கும் அந்த எளிய கிட் லென்ஸில் நடுக்கத் தணிப்பு உண்டு. அதைக் கழற்றிவிட்டு ஆசையாகச் சிக்மாவை மாட்டியதும், "விலை கூடிய லென்ஸ் வாங்கினேன், வீடியோ மோசமாகிவிட்டது" என்று புலம்புவார்கள். லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை. முன்பு இருந்த வசதி ஒன்று போய்விட்டது, அவ்வளவே. இசட்வி-இ10 போன்ற பாடியில் மின்னணு முறையில் சரிசெய்யலாம். அதற்குச் சட்டகத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்ளும். ஏற்கெனவே 18-இல் தொடங்கும் லென்ஸில் ஓரத்தையும் வெட்டினால், கையை நீட்டித் தன்னைத்தானே எடுப்பவருக்கு முகம் மட்டும்தான் மிஞ்சும்.

கிம்பலில் (நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும் மோட்டார் கைப்பிடி) வைத்து எடுப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். மைத்துனருக்கு உதவிக்கு வரும் பையன் கிம்பலில் சிக்மாவைத்தான் கேட்பான். எடை குறைவு, ஜூம் செய்தாலும் சமநிலை அதிகம் கெடாது, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் தோள் வலிக்காது.

படத்தின் தரத்தைப் பற்றி நீளமாக எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். இரண்டுமே நடுவில் எஃப் 2.8-இலேயே கூர்மை. ஓரங்கள் அந்த அளவில் சற்றுத் தளர்வு. எஃப் 4, 5.6 என்று மூடினால் ஓரமும் தேறிவிடும். நேர்க்கோடுகள் வளைவதைச் சரிசெய்ய இரண்டுமே கேமராவின் மென்பொருளை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஜேபெக்கில் எடுத்தால் அந்தத் திருத்தம் தானாக நடந்துவிடும், நமக்கு வளைவே தெரியாது. குவியம் பிடிக்கும் மோட்டார் இரண்டிலும் சத்தமில்லாத ரகம். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வேலையை ஏ6400 இரண்டிலும் ஒழுங்காகச் செய்கிறது. பெயரை மறைத்து நூறு படங்களைக் காட்டி எது எந்த லென்ஸ் என்று கேட்டால் எனக்கே சொல்ல வராது. நீளக் கோடியையும் கிட்டப் பார்வையையும் வைத்து ஊகிப்பேன்.

மழை விஷயம் ஒன்று. டாம்ரானில் ஈரம் புகாமல் தடுக்கும் அடைப்புகள் லென்ஸ் நெடுக இருக்கின்றன. முன்கண்ணாடியில் நீரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டாத பூச்சும் உண்டு. சிக்மாவில் மவுன்டைச் சுற்றி மட்டும் ரப்பர் அடைப்பு. இரண்டும் நனைய விடுவதற்கில்லை. தூறலில் ஓடி ஒதுங்கும்வரை டாம்ரான் மனத்தில் கொஞ்சம் தைரியம் தரும். சுவாமி புறப்பாட்டில் எண்ணெய்த் தீவட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுப்பவர்களுக்கு அந்தப் பூச்சு மழையைவிட அதிகம் உதவும். துடைத்தால் ஒரே துடைப்பில் போய்விடுகிறது. கடலோர ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதைத் தடுக்க எந்த அடைப்பும் போதாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது இரண்டுக்கும் பொது விதி.

லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் ஃபில்டரின் அளவு சிக்மாவுக்கு 55 மி.மீ., டாம்ரானுக்கு 67. சின்ன ஃபில்டர் விலை குறைவு. ஆனால் டாம்ரான் நிறுவனம் ஃபுல் ஃபிரேம் (இதைவிடப் பெரிய சென்சார் உள்ள) சோனிக்குச் செய்யும் 28-75, 17-28, 70-180 இவற்றுக்கும் 67-தான் வைத்திருக்கிறது. பின்னாளில் அந்தப் பக்கம் போகிறவருக்கு ஃபில்டராவது மிஞ்சும். லென்ஸ் மிஞ்சாது. நாம் பேசும் இரண்டும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாருக்கானவை. ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 24 மெகாபிக்சல் கேமராவைப் பத்தாக்கிவிடும். அடுத்த வருடம் ஃபுல் ஃபிரேம் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டவர் இரண்டையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

விலை ஊருக்கும் மாதத்துக்கும் தகுந்தாற்போல் மாறும். டாம்ரான் 2021 ஜனவரியில் அமெரிக்காவில் 799 டாலருக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சிக்மா 549. இந்த இடைவெளியின் சாயல் இங்கேயும் தொடர்கிறது. மிச்சமாகும் பணத்தில் ஒரு சின்ன ஃபிளாஷோ, இரண்டு உபரி பேட்டரியோ வாங்கிவிடலாம். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கி, பழுது பார்க்கும் இடத்தில் வாரன்டி அட்டையைக் காட்டி அவமானப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. வேறு லென்ஸ், பழைய கதை. குற்றம் என் சபலத்துடையது.

வாங்கும் முன் செய்யச் சொன்னவை இரண்டு. பழைய படங்களைக் கணினியில் போட்டு, எந்தெந்தக் குவியத் தூரத்தில் எடுத்திருக்கிறாய் என்று பிரித்துப் பார் என்றேன். ஒவ்வொரு கோப்பிலும் அந்த விவரம் பதிவாகியிருக்கும். அவன் பார்த்துவிட்டு வந்தான். பெரும்பாலானவை இரண்டு கோடிகளில், 16-இலும் 50-இலும். நடுவே ஆள் நடமாட்டமே இல்லை. கிட் லென்ஸ்காரர்கள் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். அகலம் போதாமல் ஒரு கோடி, நீளம் போதாமல் மறு கோடி. 50-இல் குவிந்தவற்றை ஒவ்வொன்றாகத் திற, அதில் எத்தனை படங்களை வெட்டியிருக்கிறாய் என்று கேட்டேன். பாதிக்கு மேல் வெட்டியிருந்தான். "அப்படியானால் உனக்கு 70 வேண்டும். வீடியோவுக்கும் அதுதான். டாம்ரானை வாங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இரண்டாவதாக, ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கு என்றேன்.

வாடகைக்கு இரண்டையும் எடுத்து வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில். மாதம் ஏறிய வயிற்றோடு சோபாவில் இருந்த மனைவியிடம் டாம்ரான் மாட்டிய கேமராவைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். அவள் வலது கையால் தூக்கினாள். பிறகு, இடது கையில் குழந்தை இருப்பதுபோல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினாள். மணிக்கட்டு வளைந்தது. கேமராவை மெதுவாக மடியில் வைத்துவிட்டுக் கேட்டாளாம்: "பகலில் நீங்கள் ஆபீசுக்குப் போய்விடுவீர்கள். இதை யார் தூக்குவது?"

சிக்மாவோடு அவள் ஒற்றைக் கையில் எடுத்தது தலையணையின் ஓரத் தையலை. 18-இல், மூக்கு உரசும் கிட்டத்தில். நூல் நூலாகத் தெரிந்த அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு, "மாமா, வீடியோவைப் போனிலேயே எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தான். திங்கட்கிழமை சிக்மா வாங்கியாயிற்று.